கட்டடம் கட்டியாச்சு, ராத்திரி ஷிப்டுக்குச் சம்பளம் யார் தருவது?

மனநல நெருக்கடி மையத்துக்கு உள்ளாட்சி நிதி ஒதுக்கப் போகிறது என்று எங்கே செய்தி வந்தாலும், எல்லோரும் முதலில் பார்ப்பது தொகையைத்தான். நான் பார்ப்பது வேறு. அந்தப் பணம் ஒரு தடவை வருவதா, வருஷா வருஷம் வருவதா? ஒரு தடவை வரும் பணத்தில் கட்டடம் எழும்பும், திறப்பு விழா நடக்கும், போட்டோ வரும். அதற்கு அப்புறம்தான் மையத்தின் உண்மையான செலவே ஆரம்பிக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் திறக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாசாமாசம் சம்பளம் வேண்டும்.

இதைப் பற்றி எனக்கு இவ்வளவு அழுத்தமான கருத்து இருக்கக் காரணம் என் சித்தி மகன். அவனுக்குக் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்து, நிலைமை கைமீறிப் போன ஒரு ராத்திரி, போக வேறு இடம் இல்லாமல் ஒரு பொது ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி வார்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனோம். தலைக்கு நேர் மேலே டியூப்லைட். பக்கத்துப் படுக்கையில் மானிட்டர் பீப் பீப் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அது தனக்கு வரும் சிக்னல் என்று அவன் நம்பினான். இரண்டு உள்ளங்கையையும் காதில் அழுத்திக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றான். ஸ்ட்ரெச்சர்கள் போவதும் வருவதுமாக இருந்தன. மனநல டாக்டர் காலையில்தான் வருவார் என்றார்கள். அந்த நர்ஸைக் குறை சொல்ல மாட்டேன். விபத்தில் அடிபட்டு வந்தவர்களை ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பயந்து நடுங்குகிற ஒருவனை உட்கார வைக்க அதைவிடப் பொருத்தமில்லாத இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நெருக்கடி மையம் என்பது இதற்கு நேர்மாறான இடம். முன்கூட்டி அப்பாயின்ட்மென்ட் வேண்டாம், நேராக நடந்து உள்ளே போகலாம். வரிசையாகப் படுக்கைகள் இருக்காது. சாய்ந்து படுக்கிற நாற்காலிகள், மங்கலான விளக்கு, சத்தம் குறைந்த அறை. டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர் இவர்களோடு, இதே நோயைத் தானே அனுபவித்து மீண்டு வந்த ஒருவரும் வேலையில் இருப்பார். "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு வேறு யார் சொன்னாலும் வராது. நன்றாக நடக்கும் மையங்களில், வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரு நாளுக்குள் நிலைக்கு வந்து வீடு திரும்புகிறார்கள், அடுத்து யாரைப் போய்ப் பார்ப்பது என்ற தெளிவோடு. மிச்சம் உள்ளவர்களுக்குத்தான் சில நாள் தங்கும் சிகிச்சையோ ஆஸ்பத்திரியோ தேவைப்படுகிறது.

போலீஸுக்கும் இது நிம்மதி. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் 2011இல் ஒரு மையம் திறந்தார்கள். போலீஸ் யாரைக் கூட்டி வந்தாலும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அங்கே விதி. ஆளை ஒப்படைத்துவிட்டுச் சில நிமிஷங்களில் போலீஸ்காரர் தன் வேலைக்குத் திரும்பிவிடலாம். வேறு இடங்களில் எமர்ஜென்சி வாசலில் மணிக்கணக்கில் காவல் நிற்பார்கள், இல்லாவிட்டால் லாக்கப்பில் கொண்டுபோய்ப் போடுவார்கள். அந்த மையத்தின் கட்டடம், டூசான் இருக்கும் பீமா கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) வாக்காளர்கள் 2006இல் சம்மதித்த கடன் பத்திரப் பணத்தில் எழுந்தது. ஆனால் அதை நடத்தும் செலவுக்குப் பெரும்பகுதி மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலிருந்தும் மாநில நிதியிலிருந்தும் தொடர்ந்து வருகிறது. கட்டவும் பணம் இருந்தது, நடத்தவும் பணம் இருந்தது. அதனால்தான் அது இன்னும் நடக்கிறது.

நடத்தப் பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. 1963 அக்டோபர் 31 அன்று, தான் கொல்லப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு, அமெரிக்க அதிபர் கென்னடி சமுதாய மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். பெரிய மனநோய் ஆஸ்பத்திரிகளில் 1955 வாக்கில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுவந்து, அவரவர் வாழும் இடத்துக்குப் பக்கத்திலேயே சிகிச்சை கொடுக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். உன்னதமான எண்ணம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சட்டம் முதலில் பணம் கொடுத்தது கட்டடத்துக்கு. ஊழியர்களுக்கான மானியம் 1965இல்தான் வந்தது. அதுவும் சில வருஷங்களுக்கு மட்டும், வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகிற மாதிரி. அதற்குள் உள்ளாட்சிகள் பொறுப்பை எடுத்துக்கொண்டுவிடும் என்று நினைத்தார்கள். பல இடங்களில் எடுத்துக்கொள்ளவில்லை. திட்டமிட்டது சுமார் 1,500 மையங்கள். கிட்டத்தட்டப் பாதிதான் வந்தன. 1981இல் அந்த நிதியே மாநிலங்களுக்கான பொது மானியத்தில் கரைந்துபோனது. ஆஸ்பத்திரிகள் மட்டும் திட்டப்படி காலியாகிக்கொண்டே இருந்தன. வெளியே வந்தவர்களில் எத்தனையோ பேர் தெருவுக்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

இத்தாலியின் திரியெஸ்தெ நகரம் இதே வேலையை வேறு விதமாகச் செய்தது. ஃபிராங்கோ பஸாலியா என்ற மனநல டாக்டர் 1971இல் அங்கிருந்த சான் ஜொவானி மனநோய் ஆஸ்பத்திரிக்குத் தலைமை ஏற்றார். உள்ளே கிட்டத்தட்ட 1,200 பேர். 1978இல் இத்தாலி முழுவதுக்குமான 180ஆம் எண் சட்டம் வந்தது. புதிதாக மனநோய் ஆஸ்பத்திரி கட்டவே கூடாது என்றது. ஆனால் திரியெஸ்தெயில் ஆஸ்பத்திரியை மூடியபோது, அதற்குச் செலவான பணமும் ஊழியர்களும் ஆவியாகிவிடவில்லை. நகரப் பகுதிகளில் திறந்த மையங்களுக்குப் போனார்கள். ஒவ்வொரு மையத்திலும் சில படுக்கைகள், வாரத்தில் ஏழு நாளும், நாள் முழுக்கத் திறந்த கதவு. பஸாலியாவின் தைரியத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அந்தப் பணம் கூடவே நகர்ந்ததைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

இந்தக் கவலை பழைய கதையோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள யூஜீன் நகரில் 1989 முதல் கஹூட்ஸ் என்ற குழு வேலை செய்தது. மனநல நெருக்கடி என்று அழைப்பு வந்தால் துப்பாக்கியோடு போலீஸ் போகாது. ஒரு மருத்துவ உதவியாளரும் ஒரு நெருக்கடிப் பணியாளரும் வேனில் போவார்கள். அவர்கள் போலீஸைத் துணைக்குக் கூப்பிட வேண்டி வந்தது அரிதிலும் அரிது. பல நகரங்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் குழுக்களை அமைத்தன. டென்வர் நகரம் 2020இல் தொடங்கிய ஸ்டார் குழுவுக்கும் முன்மாதிரி அதுதான். அப்படிப்பட்ட சேவை, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நடந்த பிறகு, பணப் பிரச்சினையில் சிக்கி 2025 ஏப்ரலில் யூஜீனில் நின்றுபோனது. வேலை சரியில்லை என்று யாரும் அதை நிறுத்தவில்லை. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. முன்மாதிரி என்று எல்லோரும் கொண்டாடிய ஒன்றுக்கே இந்தக் கதி என்றால், புதிதாகத் திறக்கும் மையத்துக்கு என்ன உத்தரவாதம்?

உத்தரவாதத்தை ஏற்படுத்த முடியும். வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்டியில் 2023 ஏப்ரலில் வாக்காளர்களிடம் நேரடியாகக் கேட்டார்கள்: ஒன்பது வருஷத்துக்குச் சொத்து வரியில் ஒரு சிறு கூடுதல், அதில் ஐந்து நெருக்கடி மையங்கள், அதில் ஒன்று இளையோருக்கு. மக்கள் சரி என்றார்கள். எனக்கு அதில் ரொம்பப் பிடித்த விஷயம், அந்த வரிப் பணத்தில் ஒரு பகுதி மனநல ஊழியர்களை உருவாக்கவும் தக்கவைக்கவும் என்று முதலிலேயே எழுதிவைத்ததுதான். தங்கும் சிகிச்சைப் படுக்கைகளுக்கும் தனியாக ஒதுக்கினார்கள். மையத்திலிருந்து வெளியே போகிறவருக்கு அடுத்த இடம் இல்லையென்றால் நாற்காலி காலியாகாது, வாசலில் வந்து நிற்கிறவருக்கு இடமும் கிடைக்காது. கணக்குப் போட்டவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

"நோயாளிகள் குறைவாக வந்தால் இவ்வளவு ஊழியர்கள் எதற்கு?" என்று ஒரு கேள்வியை கவுன்சில் கூட்டங்களில் தவறாமல் கேட்பார்கள். தீயணைப்பு நிலையத்தைப் பற்றி யாரும் இப்படிக் கேட்பதில்லை. தீப்பிடிக்காத நாளிலும் வண்டியும் ஆளும் தயாராக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நெருக்கடி மையத்துக்கும் அதே கணக்குதான். தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால், கூட்டம் குறைந்த மாசத்தில் ஆளைக் குறைப்பார்கள். அடுத்த மாசம் கூட்டம் வரும்போது கதவில் "இரவு சேவை தற்காலிகமாக இல்லை" என்று நோட்டீஸ் தொங்கும். ஒரு தடவை அந்த நோட்டீஸைப் பார்த்துத் திரும்பிப் போன குடும்பம் மறுபடி வராது.

"இது மேலே இருக்கும் அரசின் வேலை, உள்ளாட்சிக்கு ஏன் இந்தச் சுமை?" என்பதும் வரும். இதில் பாதி நியாயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவழிப்பதில் மனநலத்துக்குப் போவது சராசரியாக 2 சதவீதம்தான். அதிலும் பெரும்பகுதி தனி மனநோய் ஆஸ்பத்திரிகளுக்கே போகிறது. ஒவ்வோர் ஆண்டும் உலகத்தில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் தற்கொலையில் உயிரிழக்கிறார்கள். மேல்மட்ட அரசுகள் தங்கள் பங்கைக் கூட்டித்தான் ஆக வேண்டும், அதற்காகச் சண்டை போடத்தான் வேண்டும். ஆனால் மையம் இல்லாததால் வரும் செலவை உள்ளாட்சி ஏற்கெனவே சுமந்துகொண்டுதான் இருக்கிறது. போலீஸ் நேரம், ஆம்புலன்ஸ் ஓட்டம், எமர்ஜென்சி படுக்கை, சில நாடுகளில் உள்ளூர்ச் சிறை என்று அது நாலு தலைப்புகளில் சிதறிக் கிடக்கிறது. யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மையத்தின் செலவு மட்டும் ஒரே வரியில் வருவதால் கண்ணை உறுத்துகிறது.

அந்த மையம் நம் தெருவில் வேண்டாம் என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். அங்கே வரப்போகிறவர்கள் இப்போதும் நம் தெருவில்தான், நம் வீடுகளுக்குள்ளேதான் இருக்கிறார்கள்.

அதனால் என் கோரிக்கை இதுதான். உங்கள் உள்ளாட்சியில் இப்படி ஒரு மையம் பேச்சில் இருந்தால், பட்ஜெட் மீது கருத்துக் கேட்கும் நாளில் போய் உட்காருங்கள். தொகையைப் பாராட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். மூன்றாவது வருஷம் ராத்திரி ஷிப்டுக்குச் சம்பளம் எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று கேளுங்கள். அது சட்டப்படி நிலையான வருமானமா, இல்லை ஒவ்வொரு வருஷமும் கையேந்த வேண்டிய மானியமா என்று கேளுங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அதை அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கும் போய் அதே கேள்வியைக் கேளுங்கள்.