குல்தரா ஒரே இரவில் காலியாகவில்லை

ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் அருகே பாழடைந்து கிடக்கும் ஊர் குல்தரா. "1825இல் ஜெய்சல்மேர் திவான் சாலிம் சிங்குக்குப் பயந்து குல்தராவும் சுற்றியிருந்த 83 ஊர்களும் ஒரே ராத்திரியில் காலியாகிவிட்டன, சாபத்தால் இன்றுவரை யாரும் குடியேற முடியவில்லை" என்று அதைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். ஜெய்சல்மேரில் வழிகாட்டிகள் சொல்லும் கதை இது. கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் கிடைக்கும் கணக்குகள் வேறு மாதிரி. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சுமார் 1,600 பேர் வாழ்ந்த ஊர், 1815 வாக்கில் ஏறக்குறைய 800 பேராகச் சுருங்கியது. 1890இலும் அங்கே 37 பேர் இருந்திருக்கிறார்கள். அப்படியென்றால் 1825இல் மாயமானவர்கள் யார்?

முக்கியமான காரணம் தண்ணீர். அங்கே வாழ்ந்த பாலிவால் பிராமணர்கள் பாலைவனத்திலேயே கோதுமை விளைவித்தவர்கள். சரிவில் ஓடிவரும் மழைநீரை மண்கரை போட்டுத் தேக்கி, அது மண்ணில் ஊறியபின் அந்த ஈரத்திலேயே விதைப்பார்கள். 'கதீன்' என்று பெயர். இன்றும் ஜெய்சல்மேர் பக்கம் பயன்பாட்டில் உள்ள முறை. ஆனால் குடிக்கக் கிணறு வேண்டுமே! அந்த ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின.

சாலிம் சிங் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அவருடைய வரிக்கொடுமையும் மக்களை விரட்டியது உண்மையே. 2017இல் சில ஆய்வாளர்கள், சரிந்து கிடக்கும் கூரைகளையும் தூண்களையும் பார்த்து நிலநடுக்கமும் காரணமாயிருக்கலாம் என்றார்கள். அதை இன்னும் ஊகமாகவே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் குல்தராவில் உலாவுவதாகச் சொல்லும் அந்தப் பேய்... இரவில் கேமராவோடு போகும் யூடியூபர்களுக்கு மட்டும்தான் அது தவறாமல் தென்படுகிறது.