அந்தப் பையனை உட்கார விடுங்க

வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க, நான் மறுபடி இங்க போடப் போறதில்ல. சின்னப் பையன், கொஞ்சம் பூசின உடம்பு. அவனை முன்னாடி நிக்க வச்சு, சீன ஞானி கன்பூசியஸ் போதனையை ஒட்டி எழுதின திஸிகுய்ங்கிற பழைய சீன நூல்ல சாப்பாட்டைப் பத்தி வர்ற வரிகளை ஒப்பிக்கச் சொல்லி, முடிச்சதும் வயித்துல தட்டி "இது யாருக்குச் சொன்னது?"ன்னு கேட்கிறார் ஆசிரியர். கிளாஸே சிரிக்குது. கீழ நம்மாளுங்க வரிசையா ஹார்ட் போட்டு "இதுதான் வளர்ப்பு"ன்னு எழுதியிருக்காங்க. ரெண்டு நாளா மனசு ஆறல.

அந்த வரி என்ன சொல்லுது? சாப்பாட்டுல இது வேணும் அது வேணாம்னு பொறுக்காதே, போதுமான அளவு சாப்பிடு, மிஞ்சாதே. நல்ல வரி, என் பொண்ணுக்கும் மனப்பாடம். சீனாவோட சிங் வம்ச காலத்துல, காங்ஷி பேரரசர் ஆட்சியில லி யூசியுங்கிற வாத்தியார் பிள்ளைங்களுக்காக எழுதின நூல், வரிக்கு மூணு எழுத்து, மொத்தம் 1080 எழுத்து. அதே புஸ்தகத்துல கொஞ்சம் தள்ளிப் போனா, அடுத்தவங்க குறையை வெளிச்சம் போடாதே, அடுத்தவங்க கெட்டதைப் பரப்புறதே ஒரு கெட்டதுன்னு இருக்கு. அதை யாரும் அந்த ஆசிரியருக்கு ஒப்பிக்கச் சொல்லித் தரலையா?

கன்பூசியஸ் வழியில அளவுங்கிறது அவங்கவங்க தட்டுக்கு அவங்கவங்க வச்சுக்கிறது. அவர் பேச்சைத் தொகுத்த உரையாடல்கள் நூலோட பத்தாவது பகுதியில அவர் எப்படிச் சாப்பிடுவார்னு இருக்கு. கறி எவ்வளவு இருந்தாலும் சோத்தை மிஞ்ச விடமாட்டார், இஞ்சி எப்பவும் இருக்கும், ஆனா அதிகமா சாப்பிடமாட்டார், சாப்பிடும்போது பேசமாட்டார். எல்லாமே அவர் தனக்கு வச்சுக்கிட்டது. பண்புள்ளவன் வயிறு நிறையணும்னு தேடமாட்டான்னு அவர் சொன்னதும் வளர்ந்த சீடர்களுக்கு. பண்புள்ளவன் தன்கிட்ட கேட்பான், சின்ன மனுஷன் அடுத்தவன்கிட்ட கேட்பான்னு சொன்னதும் அவரேதான். இதுக்கு மேல எப்படிச் சொல்லணும்?

என் தம்பி 90கள்ல இங்க சிங்கப்பூர்ல பிரைமரி படிச்சவன். எடை கூடின பிள்ளைங்களுக்குன்னு 1992ல இருந்து 2007 வரைக்கும் டாஃப் (TAF)னு பள்ளிக்கூடங்கள்ல ஒரு திட்டம் இருந்தது, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். ரீசஸ் மணி அடிச்சா மத்தவங்க கேண்டீன், இவன் மைதானம். ஓடி முடிச்சு காலர் நனைஞ்சு வந்து மிச்சமிருக்கிற கொஞ்ச நேரத்துல மீ கோரெங்கை மெல்லாம முழுங்குவான், அளவைக் கத்துக்க எங்க நேரம்? TAF-ங்கிற அந்த மூணு எழுத்தைத் திருப்பிப் படிச்சு "FAT"னு பசங்க கூப்பிட்ட பேரு இருக்கே, அது செகண்டரி வரைக்கும் கூட வந்தது. இன்னைக்கும் கல்யாண வீட்டுப் பந்தியில உட்காரமாட்டான், வீட்டுக்கு வந்து தனியா சாப்பிடுவான். எங்கம்மா ஒண்ணும் சொல்லாம தட்டு எடுத்து வைப்பாங்க.

"அப்ப குண்டாவே இருக்கட்டுமா, நாளைக்கு சுகர் வந்தா நீ பார்ப்பியா"ன்னு கேட்பீங்க. சுகர் பயம் எனக்கும் இருக்கு, எங்க வீட்டுலயே இருக்கு. 2022 கடைசியில இருந்து இங்க பாக்கெட் பானத்துல எல்லாம் ஏ பி சி டின்னு சர்க்கரைக்கு கிரேடு போடுறாங்களே, அது விக்கிறவனைக் கேட்கிற கேள்வி. வீட்டுல பாட்டில் வாங்கி வைக்கிற பெரியவங்களைக் கேளுங்க. எட்டு வயசுப் பிள்ளையா மளிகை வாங்குது?

"பெரியவங்க சொன்னா பொறுத்துக்கணும், அதுதானே கன்பூசியஸ்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். அப்பா தப்பு பண்ணும்போது எடுத்துச் சொல்லாத பிள்ளை எப்படிப் பிள்ளையாகும்னு கேட்கிறது அந்த மரபோட பிள்ளைக்கடன் நூல்தான். சீனங்க விஷயம் உனக்கெதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு எங்கிட்ட பதில் இல்ல, நம்ம விசேஷ வீட்டுல ஒவ்வொரு அத்தையும் மாமாவும் பிள்ளைங்க கன்னத்தைக் கிள்ளி "இன்னும் ஒரு சுத்து பெருத்துட்டியே"ன்னு சொல்றதைப் பார்த்துட்டுத்தான் பேசுறேன். எந்த மொழியில சொன்னாலும் அந்தப் பிள்ளை அன்னைக்கு வடையைத் திருப்பி வச்சிடுது.

அவன் ஒப்பிச்சதுல ஒரு எழுத்து பிசகல, கவனிச்சீங்களா? அதுக்கு ஒருத்தரும் சபாஷ் சொல்லல.

ஷேர் பண்ணவங்க தயவுசெஞ்சு எடுத்துடுங்க. அவன் பேரு, ஸ்கூல் எதுவும் கமெண்ட்ல போடாதீங்க, போட்டா அழிச்சுடுவேன்.