ஒரே ஒரு வரிதான் மாற்றினேன்

நேற்றுப் பின்னேரம் முழுக்க ஒரு வரியில் போனது. டேட்டாபேஸ் கடவுச்சொல்லை, செயலியின் அமைப்புகள் இருக்கும் டொட் என்வ் (.env) கோப்பில் மாற்றினேன், சேமித்தேன். செயலியை ஓட்டும் பிஎச்பி கட்டமைப்பான லாராவெல் பழைய கடவுச்சொல்லோடுதான் போய் முட்டுகிறது. சேர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்டினேன். எழுத்துப்பிழையா என்று கண் வலிக்கப் பார்த்தேன். வெள்ளவத்தையில் ஜன்னலுக்கு வெளியே 100ஆம் இலக்க பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருக்கிறது, தேத்தண்ணி ஆறிவிட்டது.

காரணம்? என்றைக்கோ நானே, அமைப்புகளைப் பிரதியெடுத்துச் சேமித்து வைக்கும் 'கொன்ஃபிக் கேஷ்' கட்டளையை ஓட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு லாராவெல் டொட் என்வ் கோப்பை எட்டியும் பார்க்காது. கேஷில் உறைந்ததுதான் அதற்கு வேதம். ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள், சரி. ஆனால் கோப்பு மாறியிருக்கிறது என்று ஒரு எச்சரிக்கை வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்?

நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பின் பக்கம் போனால் வேறு கூத்து. 'நெக்ஸ்ட் பப்ளிக்' என்று தொடங்கும் மாறிகளை, தளத்தைத் தொகுத்துத் தயாராக்கும் பில்ட் நேரத்திலேயே கோடுக்குள் பதித்துவிடும். அப்புறம் சேர்வரில் எதை மாற்றினாலும் பிரவுசருக்குத் தெரியாது.

கேஷை அழிக்க 2 செக்கன். கண்டுபிடிக்க மூன்றரை மணித்தியாலம். இதற்கிடையில், "சின்ன மாற்றம்தானே, முடிஞ்சுதா?" என்று மேலிடத்திலிருந்து குறுஞ்செய்தி வேறு.