அடையாள அட்டை எண்ணில் பிறந்த திகதி இருக்கிறது

திருகோணமலை பஸ் நிலையத்திலோ கடற்கரையிலோ கண்டெடுத்த இலங்கைத் தேசிய அடையாள அட்டையைப் படமெடுத்து, “பெயரையும் முகத்தையும் மறைத்தாச்சு, நம்பரை வைத்து ஒன்றும் அறிய முடியாது” என்று முகநூலில் போடுகிறார்கள். இது தவறு. 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு; அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூடும். 1990545 என்று தொடங்கினால், 1990 பெப்ரவரி 14இல் பிறந்த பெண். பழைய அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டுக்கு மட்டும் இரண்டு இலக்கம். வங்கியிலிருந்து பேசுவதாக அழைத்து ஏமாற்றுபவருக்கு இந்தத் திகதியே நல்ல பிடி.

போனின் ஹைலைட்டரால் எண்ணைக் கிறுக்கி மறைப்பதும் வீண். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரிந்துவிடும். படமே வேண்டாம். கண்டெடுத்த இடத்தை மட்டும் எழுதுங்கள். கடைசி நான்கு இலக்கத்தை உரியவரே சொல்லட்டும். ஆள் வராவிட்டால் பொலிஸில் ஒப்படையுங்கள்.