எந்த கவுண்டர்?

(சபாபதி, பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், அவருடைய ரப்பர் ஸ்டாம்புக்கு இல்லை. குமார், பக்கத்து வீட்டுப் பையன்.)

குமார்: சார், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் பண்ணிக்கிறது மனித உரிமையா, குடிமை உரிமையா?

சபாபதி: முதல்ல எந்த கவுண்டர்னு தெரியணும் தம்பி. சட்டம் போட்டு சீல் அடிச்சுக் கொடுத்தா குடிமை உரிமை. பிறக்கும்போதே கூட வந்தா மனித உரிமை. அந்த ரெண்டாவது கவுண்டர்ல எப்பவும் ஆள் இருக்க மாட்டாங்க.

குமார்: ஐ.நா. 1948-லயே எழுதி வச்சிருக்கே. உலக மனித உரிமைப் பிரகடனத்துல 16-வது பிரிவு. வயசு வந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் கல்யாணம் பண்ணிக்க உரிமை இருக்காம்.

சபாபதி: பார்த்தியா! ஆண், பெண்... தெளிவா இருக்கு. (யோசித்து) இரு இரு. 'ஒருவரை ஒருவர்'னு இல்லையே? படிவத்துலயே தேய்ஞ்ச கண்ணுப்பா இது!

குமார்: இதே மாதிரி வாசகம் உள்ள ஐ.நா. உடன்படிக்கையை எடுத்துக்கிட்டு, பெண்ணையே கட்டிக்க நினைச்ச நியூசிலாந்துப் பெண்கள் சிலர் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனாங்க. ஆணும் பெண்ணும் சேர்ந்து பண்றதுதான் கல்யாணம்னு குழு 2002-ல சொல்லிடுச்சு.

சபாபதி: விண்ணப்பம் நிராகரிப்பு. ஃபைலை மூடு.

குமார்: எங்கே மூட? கேஸ்ல ஜெயிச்ச அதே நியூசிலாந்து 2013-ல தானாவே சட்டம் போட்டுக் கொடுத்துடுச்சு.

சபாபதி: ஜெயிச்ச பிறகா? நாங்க தோத்தாலே கொடுக்க மாட்டோம்!

குமார்: அமெரிக்காவுல வெள்ளைக்கார ஆணும் கறுப்பினப் பெண்ணும் கட்டிக்கிட்டதைக் குற்றம்னாங்க. 1967-ல உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கிப் போட்டுச்சு. கல்யாணம் 'மனிதனின் அடிப்படைக் குடிமை உரிமைகளில் ஒன்று'ன்னு எழுதினாங்க.

சபாபதி: மனிதனும் இருக்கு, குடிமையும் இருக்கு... ஒரே தாள்ல ரெண்டு சீல்! எங்க சூப்பிரெண்டெண்ட் பார்த்திருந்தா மெமோ கொடுத்திருப்பார்.

குமார்: 2015-ல அதே நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்தை அனுமதிச்சப்போ அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டினாங்க. ஐரோப்பா கதை இன்னும் வேடிக்கை. ருமேனியாக்காரர் ஒருத்தர் அமெரிக்க ஆண் ஒருத்தரை பிரசெல்ஸ்ல கட்டிக்கிட்டார். ருமேனியா ஒத்துக்கல. 2018-ல ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், உன் நாட்டுல இந்தக் கல்யாணம் நடத்தி வைக்க வேண்டாம், ஆனா துணையா வந்தவருக்கு அங்கே தங்க உரிமை கொடுத்தே ஆகணும்னுடுச்சு.

சபாபதி: கல்யாணம் செல்லாது, மாப்பிள்ளை செல்லுவாரா!

குமார்: இந்தியாவுல 2023-ல உச்ச நீதிமன்றம், கல்யாணம் பண்ணிக்கிறது அடிப்படை உரிமை இல்ல, நாடாளுமன்றம்தான் முடிவு பண்ணணும்னு சொல்லிடுச்சு.

சபாபதி: (பூரிப்புடன்) ஆகா! 'இங்கே இல்ல, பக்கத்து கவுண்டர்!' சர்வீஸ் முழுக்க நான் சொன்னதைப்பா!

குமார்: மனித உரிமைன்னு கேட்டா சட்டம் எங்கேங்கறாங்க. சட்டம் கேட்டா, அப்படி ஒரு உரிமையே இல்லையேங்கறாங்க. நடுவுல ஒருத்தர் ஆஸ்பத்திரியில கிடந்தா, கூட வாழ்ந்தவர் 'நீங்க என்ன உறவு?'ங்கற கேள்விக்குப் பதில் இல்லாம வெளியே நிக்கறார்.

சபாபதி: (குரல் இறங்கி) சீல் இல்லாம உள்ளே விட முடியாதே தம்பி...

குமார்: உங்க கல்யாணம் பதிவாயிருக்கா சார்?

சபாபதி: ...அப்போ அந்தப் பழக்கமே இல்ல.

குமார்: பதிவு ஆபீஸ்ல இருந்துக்கிட்டே?

சபாபதி: கவுண்டர்ல கூட்டம்ப்பா! அது... எங்களுது மனித உரிமை வகை. கூடவே வந்தது.

குமார்: அப்போ வீட்டுல அம்மாவைக் கேட்கட்டுமா, இத்தனை நாளா சீல் இல்லாம எப்படி உள்ளே விட்டாங்கன்னு?

சபாபதி: டேய், வாழும் உரிமைன்னு ஒண்ணு இருக்கு. அதுல மட்டும் கை வைக்காதே!