சம்பளம் வாங்கினால்தான் கலைஞரா?

சனிக்கிழமை இங்கே வேல்ஸில் நம்மவர்கள் கூடிய விழாவில் சிறப்பு விருந்தினர் பேசியதைக் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களுக்கும் இந்நேரம் அந்தக் காணொளி வந்து சேர்ந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பித்தளைக் குழல்களை வாசித்து முடித்து அவற்றை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்க, "இதெல்லாம் வேலை முடிந்து வந்து ஊதுகிறவர்களின் பொழுதுபோக்கு, உண்மையான சங்கீதம் வேறு" என்று அவர் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அவருடைய வயதுக்கும் படிப்புக்கும் உரிய மரியாதையைக் கொடுத்தே சொல்கிறேன்: சம்பளம் வாங்காமல் வாசிப்பதால் ஒருவருடைய வாசிப்பு தாழ்ந்துவிடாது. வேல்ஸில் நின்றுகொண்டு இப்படிப் பேசுவது என்றால், காலடியில் இருக்கும் வரலாற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை என்றே பொருள்.

வேல்ஸின் தலைநகர் கார்டிஃபுக்கு வடக்கே ரோந்தா பள்ளத்தாக்கில் டான் பென்ட்ரே என்றோர் ஊர் இருக்கிறது. 1884இல் அங்கே மதுவிலக்குப் பற்றுக்கொண்டவர்கள் 'டான் டெம்பரன்ஸ்' என்ற பெயரில் ஒரு பித்தளை வாத்தியக் குழுவைத் தொடங்கினார்கள். நிலக்கரிக்காக ஆட்கள் வந்து குவிந்துகொண்டிருந்த காலம் அது. ஆடு மேய்ந்துகொண்டிருந்த அந்தப் பள்ளத்தாக்கின் மக்கள்தொகை 1911இல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1895இல் குழுவின் வாசிப்பைக் கேட்ட சுரங்க அதிபர் கிளிஃபோர்ட் கோரி பண உதவி செய்ய முன்வந்தார். அன்றிலிருந்து அது கோரி பேண்ட்.

"அப்படியானால் முதலாளி வளர்த்த குழுதானே" என்று ஒருவர் கேட்பார் என்பது எனக்குத் தெரியும். முதலாளியின் பணத்தில் கருவி வாங்கலாம், சீருடை தைக்கலாம். பகல் முழுவதும் கரித்தூசியைச் சுவாசித்த நெஞ்சிலிருந்து மூச்சை எடுத்து, மெல்லிய சுரம் ஒன்றை நடுங்காமல் நிறுத்துகிற திறமையை எந்தப் பணத்தால் வாங்க முடியும்?

பேண்ட் போட்டி எவ்வளவு கடுமையானது என்பதும் அந்த மேடையில் சிரித்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. பிரிட்டனின் தேசியப் போட்டியில் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே இசைப்படைப்புதான் கொடுக்கப்படும். யார் எப்போது வாசிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். நடுவர்கள் திரைபோட்ட கூண்டுக்குள் இருப்பார்கள். எந்த ஊர்க் குழு, யார் நடத்துகிறார் என்று எதுவும் தெரியாமல் காதில் விழுவதை மட்டும் வைத்து மதிப்பெண் போடுவார்கள். அந்தப் போட்டியில் 1974இல் வென்ற கோரிதான் அதை வென்ற முதல் வேல்ஸ் குழு. பிறகு 1982, 1983, 1984 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றது. 1984 அதன் நூற்றாண்டு. அந்த ஆண்டு மார்ச்சில் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் பள்ளத்தாக்கின் சுரங்கக் குடும்பங்கள் கூலியின்றிக் கிடந்தன. அப்படிப்பட்ட ஆண்டில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பெற்ற வெற்றியையும் அந்த விருந்தினர் பொழுதுபோக்குக் கணக்கில்தான் எழுதுவாரா?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் இருந்தார். கோரி அல்ல, அவர் வாசித்தது ஒரு சிறிய ஊர்க் குழுவில். என் மகளுக்கு டெனர் ஹார்ன் என்ற பித்தளைக் குழலைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். வலது கை மோதிர விரல் சுரங்கத்தில் நசுங்கி விறைத்துப்போயிருந்ததால், கையைச் சற்றுத் திருப்பி சுரத்தை மாற்ற அழுத்தும் மூன்றாம் வால்வைச் சுண்டுவிரலால் அழுத்துவார். வேகமான இடங்களிலும் அந்த விரல் பிந்தாது. சிறுவயதில் கோர்னெட், நடுவயதில் பாரிட்டோன், முதுமையில் பெரிய பேஸ் என்று மாறி மாறி வாசித்தவர். பேண்டில் பேஸ் டிராம்போனைத் தவிர ஏறக்குறைய எல்லாக் குழல்களுக்கும் சுரக்குறிப்பு ஒரே முறையில்தான் எழுதப்படுகிறது. ஒரு வால்வுக் கருவியில் விரல் பழகிவிட்டால் அடுத்ததற்குப் போகலாம், யார் வராமல் போனாலும் இன்னொருவர் அந்த இடத்தில் உட்காரலாம். ஷிஃப்ட் முறையில் வேலை பார்த்த மனிதர்களுக்கு இது எவ்வளவு உதவியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இசைக் கல்லூரி வாசலை மிதிக்காத அவர், என் மகள் கால் சுரம் பிசகினாலும் கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுவார். அவருக்குச் சங்கீதம் தெரியாது என்று சொல்ல எனக்கு நா எழாது.

"இன்றைய கோரியில் சுரங்கத் தொழிலாளர்களா வாசிக்கிறார்கள்? இசை படித்தவர்களும் வெளியூர்க்காரர்களும்தானே" என்பது இன்னொரு வாதம். ஓரளவு உண்மைதான். சுரங்கம் இருந்தால்தானே தொழிலாளி இருப்பார். ரோந்தாவின் கடைசிச் சுரங்கமான மேர்டி 1990 டிசம்பரில் மூடப்பட்டது. சுரங்கம் போன பிறகும் பேண்ட் நின்றது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ராபர்ட் சைல்ட்ஸ் நடத்திய காலத்தில் 2008, 2009, 2010 என மூன்று முறை தொடர்ந்து ஐரோப்பியப் பட்டம். 2016இல் ஃபிலிப் ஹார்ப்பர் தலைமையில் ஐரோப்பியப் போட்டி, பிரிட்டிஷ் ஓப்பன், தேசியப் போட்டி, பிராஸ் இன் கான்சர்ட் ஆகிய நான்கு போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றார்கள். அதற்கு முன் எந்தக் குழுவும் அதைச் செய்ததில்லை. இன்றும் அவர்களுக்கு அது மாதச் சம்பள உத்தியோகம் அல்ல. வேறு வேலைக்குப் போய்விட்டுத்தான் ஒத்திகைக்கு வருகிறார்கள்.

சிம்பொனி இசைக்குழுவோடு ஒப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. அது வேறு வாத்தியக் கட்டு, வேறு நாதம். ஒன்று உயர்ந்தது என்பதற்காக மற்றொன்று தாழ வேண்டியதில்லை.

என்னை வருத்துவது விருந்தினரின் பேச்சைவிட நம்மவர்களின் சிரிப்புதான். பிள்ளைக்கு எந்த வகுப்பு, என்ன கட்டணம், எந்தத் தேர்வில் எத்தனை மதிப்பெண் என்பதைக் கொண்டே கலையின் மதிப்பை எடை போடப் பழகிவிட்டோம். கட்டணம் இல்லாமல் கற்றுத்தருகிறார்கள் என்றால் உடனே தரம் குறைவு என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். "உனக்கென்ன இவ்வளவு கோபம், அது வெள்ளைக்காரர்களின் பேண்ட்" என்று நேற்று ஒரு நண்பர் தொலைபேசியில் கேட்டார். என் மகளின் கையில் இருக்கும் ஹார்ன் அந்தப் பெரியவர் வாசித்த ஊர்க் குழுவுக்குச் சொந்தமானது. அதற்காக என்னிடம் ஒரு பவுண்டு கூட அவர்கள் வாங்கியதில்லை. எந்த ஊர், எந்த மொழி என்று கேட்கவும் இல்லை. பழுதானால் அவர்களே பழுதுபார்த்துத் தருகிறார்கள். அவர்களை எந்த மேடையில் யார் குறைத்துப் பேசினாலும் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும் நண்பரே.