தென்னையிலிருந்து விழுந்தவரின் கால் ஏன் குட்டையானது?

உங்கள் கட்டுரையில் இடுப்பு வளைய (இடுப்பெலும்புகள் சேர்ந்து உண்டாகும் வளையம்) முறிவுகளை, டைல் என்ற மருத்துவர் வகுத்த முறைப்படி ஏ, பி, சி என்று நன்றாக விளக்கியிருக்கிறீர்கள். வளையம் நிலையாக நிற்கிறதா, சுழன்று விலகுகிறதா, மேலேயும் நழுவுகிறதா என்பதுதான் அதன் கணக்கு. சரி, யங்-பர்ஜெஸ் என்ற இன்னொரு வகைப்பாட்டு முறையை ஏன் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்? மன்னார்குடிப் பக்கம் எலும்பு முறிவுப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு அதுதான் கைகொடுக்கிறது. அடி எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அது கேட்கிறது.

பக்கவாட்டில் கார் மோதினால் வளையம் உள்ளே மடங்கும். முன்னாலிருந்து நசுங்கினால் புத்தகம்போல விரியும். இடுப்பெலும்புகள் முன்னால் சேரும் இணைப்பு 2.5 செ.மீ.க்கு மேல் விலகியிருந்தால் பின்பக்கத் தசைநார்களையும் சந்தேகப்பட வேண்டும். மூன்றாவது எங்கள் ஊர்ச் சமாசாரம். தென்னையிலிருந்து கால் ஊன்றி விழுந்தால் ஒரு பக்க இடுப்பு அப்படியே மேலே ஏறிவிடும். போன குறுவை அறுப்பு சமயம் அப்படி விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். படுக்கவைத்துப் பார்த்தால் இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. தொடையில் முறிவு இல்லை. இடுப்புதான் மேலே ஏறியிருக்கிறது என்று எக்ஸ்ரேக்கு முன்பே பாதி விஷயம் புரிந்துவிட்டது.

அப்புறம் ஒரு குறை. முதலுதவியாக 'இடுப்பைச் சுற்றித் துணி கட்டவும்' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஜனங்கள் வேட்டி கட்டும் இடத்தில்தான் கட்டுவார்கள். அவருக்கும் துண்டைத் தொப்புள் மட்டத்தில்தான் இறுக்கியிருந்தார்கள். தொடையெலும்பின் மேல்முனை பக்கவாட்டில் புடைத்துத் தெரியுமே, அந்த மட்டத்தில் கட்ட வேண்டும். கட்டுரையில் அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள் சார்.